பிரஷரால் 30 வாரத்தில் பிறந்த குழந்தை: "தப்பிச்சது"ன்னு ஒருத்தர், "ரெட்டை அடி"ன்னு ஒருத்தர். எது நிஜம்?

பன்னிரண்டாம்நாள் | செவ்வாய், அதிகாலை 3.50

வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுறது இப்பதான்.

29 வாரம் 4 நாள்ல தலைவலின்னு போனேன். பிரஷர் 170/110, யூரின்ல புரோட்டீன் மூணு பிளஸ். அன்னைக்கே அட்மிஷன். குழந்தை நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி ரெண்டு, எனக்கு வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் சொட்டு, அஞ்சு நாள் இழுத்துப் பிடிச்சாங்க. தொப்புள்கொடி ரத்த ஓட்டம் விட்டு விட்டுப் போகுதுன்னு டாப்ளர் ஸ்கேன்ல வந்ததும் சிசேரியன். பொண்ணு. 980 கிராம்.

இன்னைக்கு பன்னிரண்டாவது நாள். 965 கிராம். அஞ்சு நாள் சிபாப் (மூக்கு வழியா காத்தை அழுத்தி நுரையீரலை விரிச்சு வைக்கிற மெஷின்), இப்ப மூக்குல சின்னக் குழாய், கொஞ்சம் ஆக்சிஜன். வாய்க்குழாய் வழியா என் பால் போகுது. மூளை ஸ்கேன் ரெண்டு தடவை எடுத்தாச்சு, ரத்தக்கசிவு இல்லைன்னாங்க.

என் குழப்பம் இதுதான். ரவுண்ட்ஸ்ல ஒரு டாக்டர், "பிரஷரால பிறந்த குழந்தைங்க மத்த குறைமாசக் குழந்தைகளைவிட நல்லாவே தாக்குப்பிடிப்பாங்க"ன்னார். இன்னொருத்தர், "குறைமாசம் ஒரு அடி, வளர்ச்சி குறைஞ்சது இன்னொரு அடி, ரெட்டை அடி"ன்னார். ரெண்டு பேரும் ஒரே வார்டு. மாமியார் வேற "ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம் தங்காது"ன்னு விரல் விட்டு எண்ணிட்டு இருக்காங்க. யாரை நம்புறது?

இரவுப்பணி | செவ்வாய், காலை 6.15

குறைமாச வார்டுல 14 வருஷமா நர்ஸ். இப்பதான் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன்மா.

12 நாள்ல பிறந்த எடையை எட்டிப் பிடிக்கப் போகுது, அதுவே நல்ல சேதி. முதல் வாரம் எல்லாக் குழந்தையும் இளைக்கும். பத்துலேர்ந்து பதினாலு நாளுக்குள்ள பழைய எடைக்கு வந்துட்டா நாங்க சந்தோஷப்படுவோம்.

பிரஷர் அம்மாக்களோட குழந்தைங்களை வார்டுக்குள்ள வந்ததுமே எங்களுக்கு அடையாளம் தெரியும். ஒல்லியா, தோல் சுருங்கி, தலை மட்டும் உடம்புக்குப் பெருசா இருக்கும். உள்ள இருந்தப்போ கிடைச்ச கொஞ்சம் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிட்டு, கொழுப்பு, கல்லீரல், குடல் இதையெல்லாம் பட்டினி போட்டிருக்கும். அதனால முதல் ரெண்டு நாள் சர்க்கரை சர்ருன்னு இறங்கும், உடம்பு சீக்கிரம் குளிர்ந்துடும். முகம் மட்டும் வயசான மாதிரி, கண்ணை உருட்டி எல்லாத்தையும் கவனிக்கும். எனக்கு இந்தப் பிள்ளைங்களை ரொம்பப் பிடிக்கும்.

ஒண்ணு கேட்கணும். உங்க பிரஷர் இப்ப எவ்வளவு?

ரெண்டாம்தடவை | செவ்வாய், காலை 9.02

என் பையனுக்கு இப்ப ஏழு வயசு. 31 வாரம், 1,080 கிராம், அதே கதைதான். பிறந்த மூணாம் நாள் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 62,000, வெள்ளணுக்களும் குறைவுன்னு சொன்னப்போ என் உயிரே போயிடுச்சு. யாரும் விளக்கம் சொல்லல. இது பிரஷர் குழந்தைகளுக்கு அடிக்கடி வர்றதுதான், பெரும்பாலும் தானா ஏறிடும்னு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அந்த ஒரு வரியை அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு ராத்திரி தூங்கியிருப்பேன்.

பன்னிரண்டாம்நாள் | செவ்வாய், காலை 11.30

அக்கா, எங்களுக்கும் அதேதான்! 71,000ன்னு சொன்னாங்க. இப்ப ஒண்ணரை லட்சம் தாண்டிடுச்சு. ஏன் அப்படி ஆகுது?

குழந்தைநலம் | செவ்வாய், மதியம் 1.40

பச்சிளங்குழந்தை மருத்துவன். இணையத்தில் யாருக்கும் சிகிச்சை சொல்ல மாட்டேன், புரிதலுக்காக எழுதுறேன்.

நஞ்சுக்கொடி சரியா வேலை செய்யாதப்போ சிசுவுக்கு ஆக்சிஜன் குறையும். உடனே எலும்பு மஜ்ஜை எல்லா பலத்தையும் சிவப்பணு உற்பத்தியில போடும். தட்டணுவும் வெள்ளணுவும் பின்னால போயிடும். பிறந்த பிறகு அந்த நெருக்கடி இல்லை, அதனால கணக்கு சரியாகும். வெள்ளணுக்கள் பெரும்பாலும் மூணு நாலு நாள்ல, தட்டணுக்கள் பத்து நாளுக்குள்ள. முதல் நாளே ரொம்பக் குறைஞ்சிருந்தாலோ, பத்து நாள் தாண்டியும் ஏறாம இருந்தாலோ, ஒரு வாரத்துக்கு அப்புறம் திடீர்னு விழுந்தாலோ நாங்க கிருமித்தொற்று, வேற காரணம்னு தேடுவோம்.

உங்க ரெண்டு டாக்டர்களும் சொன்னது சரிதான். ஆளுக்கொரு அளவுகோலை வெச்சுக்கிட்டுப் பேசியிருக்காங்க. எண்கணக்கன் இதை என்னைவிட நல்லா சொல்வார், அவர் வரட்டும்.

மாமியார் கணக்கைப் பத்தி: எட்டாம் மாசக் குழந்தை தங்காதுங்கிற நம்பிக்கை ஹிப்பாக்ரட்டிஸ் பேரால வழங்குற பழைய கிரேக்க ஏடுகள்லயே இருக்கு. அவ்வளவு பழசு, அவ்வளவு தப்பு. நிறைமாசம் வரைக்கும் கருப்பைக்குள்ள ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கிற வாய்ப்பு கூடும், எந்த வாரத்திலும் அது திரும்பிக் கீழே இறங்காது. அதுவும் 30 வாரத்தை நாலு நாலு வாரமா எண்ணினா எட்டாம் மாசம், காலண்டர்ல எண்ணினா ஏழாம் மாசம் கூட முழுசா ஆகல. அவங்களுக்குப் பிடிச்ச கணக்கை எடுத்துக்கச் சொல்லுங்க.

முப்பத்துநாலு | செவ்வாய், மாலை 4.20

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு இப்ப 34 வாரம், பிரஷர் 146/92, புரோட்டீன் இருக்கு, மத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். இதே மாச பயத்துலதான் வீட்ல இப்பவே எடுத்துடச் சொல்றாங்க. குழந்தை உள்ள கஷ்டப்பட்டா நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்துடும், அதனால பயம் இல்லைன்னும் சொந்தக்காரங்க சொல்றாங்க.

குழந்தைநலம் | செவ்வாய், மாலை 5.05

நுரையீரல் விஷயம் எங்க பழைய பாடத்திலேயே இருந்ததுதான். 1970கள்ல அப்படி நம்பினாங்க. அப்புறம் அதே வாரத்துல பிறந்த குழந்தைகளோட நேருக்கு நேர் ஒப்பிட்டப்போ அந்த முதிர்ச்சி நிரூபணம் ஆகல. கருப்பைக்குள்ள படுற கஷ்டத்தை ஸ்டீராய்டு ஊசி மாதிரி நினைக்காதீங்க. ஊசிக்கு நல்ல ஆதாரம் உண்டு. நியூசிலாந்துல லிகின்ஸும் ஹவியும் 1972ல வெளியிட்ட ஆய்வுலேர்ந்து தொடங்குது அது.

34க்கும் 37க்கும் நடுவுல இருக்கிறதுதான் நிஜமான இழுபறி. நெதர்லாந்துல 2015ல வந்த ஆய்வுல உடனே பிரசவம் பார்த்த பிரிவுல 5.7 சதவீதக் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது, காத்திருந்த பிரிவுல 1.7. பிரிட்டன்ல 2019ல வந்த ஃபீனிக்ஸ் ஆய்வுல, முன்கூட்டியே எடுத்தப்போ அம்மாக்களுக்குச் சிக்கல் குறைஞ்சது. குழந்தைகள் சிறப்பு வார்டுக்குப் போனது கூடுச்சு, ஆனா கடுமையான நோய் கூடல. அதனால தீவிர அறிகுறி இல்லாதவங்களை 37 வரைக்கும் கவனமாக் கொண்டு போறது வழக்கம். பிரஷர் 160/110 தொட்டாலோ, தலைவலி, கண் மங்கல், மேல் வயித்து வலி, தட்டணு குறையறது, குழந்தை அசைவு குறையறது எது வந்தாலும் கணக்கு மாறும். வீட்டுப் பஞ்சாயத்து வேண்டாம், உங்க டாக்டரோட உட்கார்ந்து பேசுங்க.

எண்கணக்கன் | செவ்வாய், இரவு 9.30

கூப்பிட்டதால் வந்தேன். மருத்துவன் அல்லன். மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரம் பார்ப்பது பிழைப்பு. இந்த விஷயத்தில் கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குப் பாதிக் காரணம், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான்.

உங்கள் மகளையே எடுத்துக்கொள்வோம். 30 வாரம், 980 கிராம்.

முதல் டாக்டர் எடையை வைத்துப் பேசுகிறார். சரியான வளர்ச்சியோடு 980 கிராமில் பிறக்கும் குழந்தை ஏறத்தாழ 27 வாரத்துக் குழந்தை. அதன் பக்கத்தில் உங்கள் மகளைக் கிடத்தினால், இவள் மூன்று வாரம் மூத்தவள். நுரையீரல், மூளை ரத்தக்குழாய், தோல் எல்லாம் மூன்று வாரம் கூடுதலாகப் பழுத்திருக்கின்றன. இவள் ஜெயிப்பாள்.

இரண்டாம் டாக்டர் வாரத்தை வைத்துப் பேசுகிறார். 30 வாரத்துக் குழந்தையின் சராசரி எடை 1,400 கிராம் பக்கம். அதன் பக்கத்தில் கிடத்தினால் இவள் நலிந்தவள். அதே குழந்தைதான், பக்கத்துத் தொட்டில்தான் வேறு.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. 30 வாரத்தில் எந்தக் குழந்தையும் காரணமில்லாமல் பிறப்பதில்லை. பிரஷர் இல்லாமல் அந்த வாரத்தில் பிறந்தவர்களில் பலர் கருப்பைத் தொற்றாலோ, பனிக்குடம் உடைந்தோ, நஞ்சுக்கொடி பிரிந்தோ வந்தவர்கள். தொற்றும் அழற்சியும் மூளைக்குக் கெடுதல். இப்படிப்பட்டவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்தால், பிரீக்ளாம்ப்சியா (கர்ப்ப காலத்தில் வரும் இந்தப் பிரஷர் நோய்) மூளையைக் "காப்பது" போலத் தோன்றும். மூளைக்குள் ரத்தக்கசிவு இவர்களுக்குக் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்வதை இந்தக் கண்ணாடி வழியாகத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிரஷர் பிரசவம் பெரும்பாலும் முடிவெடுத்துச் செய்வது. ஸ்டீராய்டுக்கு நேரம் கிடைக்கிறது, மெக்னீசியம் ஏறுகிறது, வசதியுள்ள இடத்துக்குத் தாயை மாற்ற முடிகிறது. வலி வந்து ஓடி வருபவருக்கு இவை பாதி கிடைக்காது. ஆக நல்ல முடிவுக்குக் காரணம் நோயா, கிடைத்த நேரமா? என் வாக்கு நேரத்துக்கு.

கடைசியாக, கருப்பைக்குள்ளேயே இறந்தவர்கள் வார்டுக் கணக்கில் வருவதே இல்லை. வார்டு வாசலில் நின்று எண்ணினால் உள்ளே வந்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள்.

பன்னிரண்டாம்நாள் | செவ்வாய், இரவு 10.15

"பக்கத்துத் தொட்டில்தான் வேறு." இதை வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். பன்னிரண்டு நாள்ல முதல் தடவையா அவர் முகத்துல ஒரு தெளிவு.

சரி, எடை, வாரம் எல்லாம் புரியுது. எங்க எதுல கவனமா இருக்கணும்? எல்லாரும் "பார்ப்போம், பார்ப்போம்"னே சொல்றாங்க.

இரவுப்பணி | புதன், காலை 6.40

குடல்மா. முதல்ல அதைச் சொல்வேன். தொப்புள்கொடி ஓட்டம் நின்னு நின்னு போன குழந்தைங்களுக்குக் குடல் அந்தப் பட்டினியை மறக்காது. நெக்னு சொல்ற குடல் அழுகல் நோய் இவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வரும். அதனாலதான் பாலை சொட்டுச் சொட்டா ஏத்துறோம். வயிறு உப்புதா, பச்சையா வாந்தி வருதா, மலத்துல ரத்தமான்னு ஒவ்வொரு ஷிஃப்ட்டும் பார்ப்போம். நான் வேலைக்கு வந்த காலத்துல இவங்களை அஞ்சாறு நாள் பட்டினியாவே வெச்சிருப்போம். அப்புறம் இந்த மாதிரிக் குழந்தைங்க 400 பேரை வெச்சுப் பண்ணின ஆய்வு 2012ல வந்தது. ரெண்டாம் நாளே ஆரம்பிச்சவங்க 18 நாள்ல முழுப் பாலுக்கு வந்தாங்க, ஆறாம் நாள் ஆரம்பிச்சவங்க 21 நாள்ல. நெக் கூடல. நாங்களும் மாத்திக்கிட்டோம்.

அதுல நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. தாய்ப்பால் நெக் வாய்ப்பைக் குறைக்கும். பத்து மில்லி வந்தாலும் கறந்து கொடுங்க. பிரஷர் அம்மாக்களுக்குப் பால் ஊற லேட் ஆகும், சிசேரியன், மருந்து, மெக்னீசியம் எல்லாம் சேர்ந்து. குறைவா வருதேன்னு உங்களையே திட்டிக்காதீங்க.

நேத்து கேட்டதுக்குப் பதில் வரல. உங்க பிரஷர்?

தோள்மேல்பாப்பா | புதன், காலை 8.30

அப்பா பேசறேன். எங்களுக்கு நுரையீரல். 28 வாரம், 760 கிராம். மூளை ஸ்கேன் சுத்தம், குடல் சுத்தம், கண்ணும் பிழைச்சுது, ஆனா ஆக்சிஜனை விடவே முடியல. கர்ப்ப வாரக் கணக்குல 36 வந்தப்பவும் தேவைப்பட்டதால பிபிடி, அதாவது குறைமாசக் குழந்தைகளுக்கு வர்ற நாள்பட்ட நுரையீரல் நோய்னு பேர் வெச்சாங்க. ரெண்டு மாசம் வீட்லயும் சிலிண்டர். ராத்திரி மானிட்டர் சத்தம் கேட்காத நாள்ல எனக்குத் தூக்கமே வராது.

இப்ப மூணு வயசு. சளி பிடிச்சா இழுப்பு வரும், மத்தபடி வீட்டை ரெண்டாக்குறான். டாக்டர், பிரஷருக்கும் இந்த நுரையீரலுக்கும் சம்பந்தம் உண்டா?

குழந்தைநலம் | புதன், மதியம் 2.10

உண்டுன்னு சொல்ல நியாயம் இருக்கு. பிரீக்ளாம்ப்சியாவுல நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அளவுக்கு மீறி ரத்தத்துல விடும். அது புது ரத்தக்குழாய் முளைக்கிறதைத் தடுக்கும். அம்மாவோட ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறுறதுலயும் அதுக்குப் பெரிய பங்கு. நுரையீரல்ல காற்றறைகள் பெருகணும்னா நுண் ரத்தக்குழாய்களும் கூடவே பெருகணும். அங்கேயும் அதே தடை விழுந்திருக்கலாம்ங்கிறது கருத்து. பிரீக்ளாம்ப்சியாவைத் தனியா எடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒத்துப்போகல. ஆனா கருப்பைக்குள்ளேயே வளர்ச்சி குன்றின குழந்தைக்கு பிபிடி வாய்ப்பு கூடுதல்ங்கிறதுல பெரிய சண்டை இல்லை.

பன்னிரண்டாம்நாளுக்கு ஒரு குறிப்பு: உங்க பாப்பாவுக்கு கேஃபைன் போயிட்டு இருக்கும். குழந்தைக்கு மூச்சு நின்னு நின்னு போறதைத் தடுக்கக் கொடுக்க ஆரம்பிச்ச மருந்து அது. 2006, 2007ல வந்த பெரிய ஆய்வு, அது பிபிடியையும், பதினெட்டு மாசத்துல பார்த்தப்போ மூளைவாதத்தையும் (செரிப்ரல் பால்சி) குறைச்சதாக் காட்டுச்சு. எங்க துறையில இப்படி ஒரு மலிவான அதிர்ஷ்டம் அபூர்வம்.

கண் பரிசோதனையை மட்டும் தவற விடாதீங்க. விழித்திரை நோய் சத்தம் போடாம வரும். பிறந்து நாலு வாரம் ஆகுறதுக்குள்ள முதல் பரிசோதனை நடக்கணும். எப்ப முடிஞ்சதுன்னு சொல்றாங்களோ அதுவரைக்கும் ஒவ்வொரு தேதிக்கும் போகணும், நடுவுல டிஸ்சார்ஜ் ஆனாலும்.

ஒன்பதுநாள் | புதன், இரவு 11.45

எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எங்க பையன் 26 வாரம், 540 கிராம். ஒன்பது நாள் இருந்தான்.

"பிரஷர் குழந்தைங்க தாக்குப்பிடிப்பாங்க"ன்னு எனக்கும் சொன்னாங்க. தயவு செஞ்சு வாரம் சொல்லாம அந்த வாக்கியத்தை யாருக்கும் சொல்லாதீங்க. 26ம் 30ம் ஒண்ணு இல்ல. அவன் போனப்புறம் நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வருஷம் தேடினேன். உப்பா, வேலையா, மாடிப்படி ஏறினதா?

பிறகு பார்த்த டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கருப்பையோட ரத்தக்குழாய்களை நஞ்சுக்கொடி உள்ள போய் அகலப்படுத்தணும், அந்த வேலை முதல் பாதியிலேயே நடக்கிறது, எனக்கு அது அரைகுறையா நின்னுடுச்சு. பிரஷர் ஏறினது ஏழாம் மாசம், காரணம் உட்கார்ந்தது நான் கர்ப்பம்னு எல்லார்கிட்டயும் சொல்றதுக்கும் முன்னாடி. உப்பைக் குறைச்சிருந்தாலோ, படுத்தே கிடந்திருந்தாலோ தடுத்திருக்க முடியாதுன்னார்.

அடுத்த தடவை 12 வாரத்துலேர்ந்து ராத்திரி ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் கொடுத்தார். 37 வாரம் வரைக்கும் போனேன். பொண்ணு, 2,600 கிராம். பேரு வெக்கிறப்போ அவனையும் நினைச்சுக்கிட்டோம்.

ரெண்டாம்தடவை | வியாழன், காலை 7.10

உங்களை இங்கிருந்தே கட்டிக்கிறேன்மா.

குழந்தைநலம் | வியாழன், காலை 10.25

எழுதினதுக்கு நன்றி. நீங்க கண்டிச்சது சரி, நானும் ஏத்துக்கறேன்.

ஆஸ்பிரின் பத்தி மத்தவங்களுக்கு: 2017ல வந்த ஆஸ்ப்ரே ஆய்வுல, ஆபத்து அதிகம்னு கண்டவங்களுக்கு 11லேர்ந்து 14 வாரத்துக்குள்ள 150 மில்லிகிராம் ஆரம்பிச்சு 36 வாரம் வரைக்கும் கொடுத்தாங்க. 37 வாரத்துக்கு முன்னாடி பிரசவம் ஆக வைக்கிற பிரீக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைஞ்சது. சீக்கிரம் வர்ற, குழந்தையைக் குறைமாசத்துல தள்ளுற வகையைத்தான் அது தடுக்குது. எட்டாம் மாசத்துல ஞாபகம் வந்து ஆரம்பிச்சா பிரயோஜனம் இல்லை. டாக்டரைக் கேட்காம யாரும் தானா எடுக்கவும் வேண்டாம்.

பழையகுறைமாசம் | வியாழன், மதியம் 12.50

இந்த இழையில நான்தான் "முடிவு"ன்னு நினைக்கிறேன், ஹாஹா. வயசு 36. 33 வாரம், 1,400 கிராம். அம்மாவுக்கு பிரசவத்துக்கு முந்தின ராத்திரி வலிப்பே வந்துடுச்சாம். இன்குபேட்டர் காலியா இல்லாததால பஞ்சுல சுத்தி வெச்சிருந்தாங்களாம். அம்மா இதை ஆயிரம் தடவை சொல்லியாச்சு, ஒவ்வொரு தடவையும் பஞ்சு கொஞ்சம் கூடுது.

கண்ணாடி போட்டிருக்கேன். பள்ளியில கணக்கு வராது, ஆனா எங்க அப்பாவுக்கும் வராது. மத்தபடி ஒரு குறையும் இல்லை. 31 வயசுல ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல பிரஷர் 148/94. ஒல்லி, சிகரெட் இல்லை, ஏன்னு புரியல. அஞ்சாவதா பார்த்த டாக்டர்தான், "பிறக்கும்போது எடை எவ்வளவு, அம்மாவுக்கு பிரஷர் இருந்ததா?"ன்னு கேட்டார். அதுவரைக்கும் ஒருத்தரும் என் பிறப்பைப் பத்தி வாயைத் திறந்ததில்லை.

எண்கணக்கன் | வியாழன், இரவு 8.40

பழையகுறைமாசம் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பிரீக்ளாம்ப்சியா தாய்களுக்குப் பிறந்தவர்களின் மேல் அழுத்தம் சிறுவயதிலும் இளமையிலும் மற்றவர்களைவிடச் சராசரியாக 2 புள்ளிக்குச் சற்று மேல் கூடுதல். ஒரு ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை, காபி குடித்தாலும் ஏறும். ஒரு தலைமுறைக்கே 2 புள்ளி ஏறினால்தான் பக்கவாதக் கணக்கில் தெரியும். ஹெல்சின்கியில் 1934 முதல் 1944 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். தாய்க்குப் பிரீக்ளாம்ப்சியா இருந்தவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. அந்தக் காலக் குழந்தைகளின் எதிர்காலத்தை இன்றைய குழந்தை மீது அப்படியே ஒட்டவும் முடியாது.

மூளைவாதத்தைப் பற்றி நார்வேயில் 2013இல் வந்த ஆய்வு எனக்குப் பிடித்தது. பிரீக்ளாம்ப்சியாவுக்கும் மூளைவாதத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது குறைமாதம், குறைவளர்ச்சி என்ற இரண்டு கதவுகள் வழியாகத்தான் வருகிறது. நிறைமாதத்தில், வளர்ச்சி குன்றாமல் பிறந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஆட்டிசம், கவனக்குறைவு பற்றிய தொகுப்பாய்வுகளில் சுமார் 1.3 மடங்கு என்று வரும். அந்த "1.3 மடங்கு" தலைப்பைப் பார்த்து யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். சிறிய எண்ணை 1.3ஆல் பெருக்கினாலும் சிறிய எண்தான், காரணம் அதுவேதான் என்றும் நிறுவப்படவில்லை.

இரவுப்பணி | வெள்ளி, காலை 6.20

எண்ணெல்லாம் சரிதான் சார். வார்டுல எனக்குத் தெரிஞ்சது: வீட்டுக்குப் போனப்புறம் வர்ற பரிசோதனைக்குத் தவறாம வர்ற பிள்ளைங்களுக்கும், "நல்லாத்தானே இருக்கு"ன்னு நின்னுடற பிள்ளைங்களுக்கும் வித்தியாசம் தெரியும். கழுத்து நிக்கறது, உட்கார்றது எல்லாத்தையும் ரெண்டு வயசு வரைக்கும் திருத்திய வயசுல எண்ணுங்க. உங்க பாப்பா 30 வாரத்துல வந்ததால பத்து வாரம் கழிச்சுக்கணும். பக்கத்து வீட்டுக் குழந்தையோட ஒப்பிட்டு அழாதீங்க. ஆனா தடுப்பூசியைப் பிறந்த தேதிப்படியே போடணும், அதுல திருத்தம் கிடையாது. நிறைய பேர் மாத்திக் குழப்பிக்கறாங்க.

அவசரமாக் கொழுகொழுன்னு ஆக்கணும்னு தோணும், அதுவும் வேண்டாம். எடை, நீளம், தலைச் சுத்தளவு மூணும் சேர்ந்து ஏறணும்.

நெஞ்சோட வெச்சுக்க விட்டாங்களா? 2021ல வந்த பெரிய ஆய்வுல, ஒரு கிலோவுக்கு மேல 1.8 கிலோவுக்குக் கீழ இருந்த குழந்தைகளைப் பிறந்ததுமே கங்காரு பராமரிப்புல வெச்சப்போ இறப்பு கால் பங்கு குறைஞ்சுது. உங்க பொண்ணு ஒரு கிலோவைத் தொடப் போறா, கேளுங்க.

மூணாவது தடவையா கேட்கறேன். உங்க பிரஷர் எவ்வளவு? இங்க எல்லாரும் பாப்பாவைப் பத்தியே பேசிட்டு இருக்கோம்.

பன்னிரண்டாம்நாள் | வெள்ளி, காலை 7.05

சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க. டிஸ்சார்ஜ் ஆனப்புறம் பார்க்கவே இல்லை. பாப்பாவைப் பெத்தாச்சு, நோய் போயிடும்னுதான் நினைச்சேன். மாத்திரையும் ரெண்டு நாளா ஒழுங்கா எடுக்கல, பாலுக்குக் கெடுதலோன்னு பயம். தலைவலி இருக்கு, தூக்கமில்லாததாலன்னு நினைச்சேன். வெளிய மெஷின் இருக்கு, பார்த்துட்டு வர்றேன்.

பன்னிரண்டாம்நாள் | வெள்ளி, காலை 7.20

158/104.

இரவுப்பணி | வெள்ளி, காலை 7.22

இப்பவே மகப்பேறு பக்கம் போங்க. நாளைக்கு இல்ல, பால் கறந்துட்டு இல்ல, இப்ப. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து திரும்பப் பார்க்கச் சொல்லுங்க. பிரீக்ளாம்ப்சியா இருந்தது, தலைவலி இருக்குங்கிற ரெண்டையும் முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க. வலிப்பு பிரசவத்துக்கு அப்புறமும் வரும்மா.

குழந்தைநலம் | வெள்ளி, காலை 8.15

சிஸ்டர் சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்லை, போங்க. நிஃபெடிபின், லேபடலால் மாதிரி மருந்துகளோட தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தை குறைமாசம்னு அங்க சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி தேர்ந்தெடுப்பாங்க.

ரெண்டாம்தடவை | வெள்ளி, மாலை 6.00

என்னம்மா ஆச்சு? ஒரு வார்த்தை போடு.

பன்னிரண்டாம்நாள் | சனி, காலை 10.40

ராத்திரி அங்கேயே வெச்சுக்கிட்டாங்க. திரும்பப் பார்த்தப்போ 164/106. ரத்தம், யூரின் எல்லாம் எடுத்தாங்க, கல்லீரல், தட்டணு சரியா இருக்கு. மாத்திரையை மாத்தி அளவு கூட்டியிருக்காங்க. இன்னைக்குக் காலையில 138/86, தலைவலி இல்லை. ஆறு வாரத்துல ஒரு செக்கப், அப்புறம் வருஷா வருஷம் பிரஷர் பார்க்கணுமாம், இதய நோய் வாய்ப்பு எனக்கும் ரெண்டு மடங்குன்னு சொன்னாங்க. பாப்பாவுக்கு என்ன ஆகும்னு கேட்க இங்க வந்தேன், என் கதையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.

நேத்து நான் இல்லாததால சேமிச்சு வெச்ச பால்தான் போயிருக்கு, வயிறு உப்பல. இன்னைக்கு எடை 1,020. மதியம் நெஞ்சுல வெச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க, முன்னாடி பட்டன் வெச்ச சட்டை எடுத்துட்டு வரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பியிருக்கேன். கண் டாக்டர் அடுத்த வியாழன்.

மாமியார் நேத்திலேர்ந்து ஏழாம் மாசக் கணக்குக்கு மாறிட்டாங்க.